வான்கோவின் சூரியகாந்தி ஜாடி: பிரதி எடுக்கும் முறை, மஞ்சள் சாயம், குறியீடு (விவாத இழை)

ஞாயிறு_தூரிகை எழுதியது:

பெங்களூருவில் 14 பேர் கொண்ட ஞாயிறு வரைகுழுவுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். திட்டம் இது: ஆறு ஞாயிறுகளில் வான்கோவின் சூரியகாந்தி ஜாடி ஒன்றை எண்ணெய்ச் சாயத்தில் பிரதி எடுப்பது. பிறகு நேரில் பூ வைத்து ஆளுக்கொரு படம். கடைசியில் ஒரு நாள் காட்சி. விவரம் தெரிந்தவர்களிடம் நான்கு கேள்விகள்.

ஒன்று, பல ஜாடிகள் இருக்கின்றனவே, எதைப் பிரதி எடுப்பது? இரண்டு, எந்த மஞ்சள்கள், எவ்வளவு? மூன்று, அந்தப் படங்களில் பஞ்சுருண்டை போலத் தெரியும் பூக்கள் என்ன வகை, இங்கே கிடைக்குமா? நான்கு, காட்சிக்கு எழுதிவைத்திருக்கும் குறிப்பட்டை சரியா? வாசகம்: "சூரியன் போகும் பக்கமெல்லாம் முகம் திருப்பும் சூரியகாந்தி நம்பிக்கையின் சின்னம். அந்த நம்பிக்கையைத்தான் வான்கோ வரைந்தார்."

ஆர்ல்1888 எழுதியது:

முதல் கேள்விக்கு. இரண்டு தொகுதிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். 1887 கோடை முடிவில் பாரிஸில் வரைந்தவை நான்கு. அவற்றில் ஜாடியே கிடையாது. வெட்டிய பூக்கள் தரையில் கிடக்கும், காய்ந்து விதை முற்றிய தலைகள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன், பெர்ன், ஆம்ஸ்டர்டாம், ஒட்டர்லோவின் க்ரோலர் முல்லர் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்த நான்கில் இரண்டைப் பண்டமாற்றாக வாங்கிக்கொண்டவர் வான்கோவின் ஓவிய நண்பர் கோகன். இது பின்னால் முக்கியம்.

ஜாடிகள் எல்லாம் தென்பிரான்ஸின் ஆர்ல் நகரத்தில். 1888 ஆகஸ்டில் ஒரே வாரத்துக்குள் நான்கு படங்கள்: மூன்று பூ (தனியாரிடம்), கருநீலப் பின்னணியில் ஆறு பூ (ஜப்பானின் ஆஷியாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டுவீச்சில் எரிந்தது), பச்சைநீலப் பின்னணியில் 14 பூ (மியூனிக்), மஞ்சள் பின்னணியில் 15 பூ (லண்டன் நேஷனல் கேலரி, 1924-இல் வாங்கியது). அப்புறம் இவற்றைப் பார்த்து வான்கோவே மறுபடி வரைந்தவை மூன்று: டோக்கியோ, ஆம்ஸ்டர்டாம், பிலடெல்ஃபியா. டோக்கியோ படம் 1888 கடைசியில், மற்ற இரண்டும் 1889 ஜனவரியில்.

டிசம்பரிலும் ஜனவரியிலும் சூரியகாந்தி கிடையாது. ஆக அந்த மூன்றுக்கும் எதிரில் இருந்தது பூ அல்ல, தன் சொந்தப் படம். உங்கள் குழு செய்யப்போகும் வேலையை ஓவியரே செய்திருக்கிறார். பிரதி எடுப்பது தரக்குறைவு என்று யாராவது தயங்கினால் இதைச் சொல்லுங்கள்.

லண்டன் படத்தை எடுங்கள். அளவு 92.1 × 73 செ.மீ. நம் கடைகளில் 30 × 36 அங்குலக் கேன்வாஸ் என்றால் 76 × 91 செ.மீ.; கிட்டத்தட்ட அதே. டோக்கியோ படம் ஏறக்குறைய 30 × 40 அங்குலம். குழுவுக்கு நீளத்திலும் அகலத்திலும் சரிபாதி போதும், 15 × 18 அங்குலம்.

ஹெப்பால்_விதை எழுதியது:

குறிப்பட்டையின் முதல் வரி தாவரவியல்படி தப்பு. அதை மாட்டாதீர்கள்.

சூரியனோடு திரும்புவது மொட்டுப் பருவத்தில் மட்டும். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் அதிகம் வளர்ந்து தலையை மேற்கே தள்ளும். இரவில் மேற்குப் பக்கம் வளர்ந்து கிழக்கே கொண்டுவரும். செடியின் உள்கடிகாரம் இதை நடத்துகிறது. பூ விரிந்ததும் தண்டின் வளர்ச்சி நின்றுவிடும், தலை கிழக்கு பார்த்தபடி நிலைத்துவிடும். 2016-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தின் ஆய்வு, கிழக்கு பார்த்த பூக்கள் காலையில் சீக்கிரம் சூடேறுவதையும், மேற்கே திருப்பிவைத்த பூக்களைவிட ஐந்து மடங்கு வரை அதிகமாகத் தேனீ போன்ற மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் அவற்றுக்கு வருவதையும் காட்டியது.

குண்டலுப்பேட்டை வயல்களுக்கு ஜூலை, ஆகஸ்டில் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு இது நடைமுறைச் செய்தி. காலையில் போனால் வயல் முழுக்க முகம். மாலையில் மேற்கே நின்று பார்த்தால் வயல் முழுக்க முதுகு, பச்சைப் பூவடிச் செதில்கள்தான் தெரியும். ஆனால் ஓவியருக்கு அந்த முதுகும் தேவை. லண்டன் படத்தில் எல்லாப் பூவும் நேர்முகம் காட்டவில்லை. பக்கவாட்டுத் தலைகளில் செதில்களின் வரிசை தெரியாமல் வரைந்தால் பூ ஒட்டவைத்த தட்டு மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று. விதை முற்றும்போது தலை கவிழும். எடைதான் காரணம். எண்ணெய்வித்துக் கலப்பினங்களில் கவிழ்ந்த தலை நல்ல குணமாகவே பார்க்கப்படுகிறது, பறவை கொத்துவதும் வெயில் சுடுவதும் குறையும். கவிழ்ந்த பூவைப் பார்த்தவுடன் "சோகம்" என்று எழுத வேண்டாம்.

நெருஞ்சி எழுதியது:

குறியீட்டின் வம்சாவளியைச் சொல்கிறேன். சூரியகாந்தி வட அமெரிக்கச் செடி. ஐரோப்பாவுக்குப் போனதே 16-ஆம் நூற்றாண்டில். கிரேக்கக் கதையில் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்து பூவாக மாறிய கிளிட்டி ஆனது வேறொரு செடி. அமெரிக்கப் பூ வந்திறங்கியதும் பழைய கதை புதுப் பூவின் மேல் ஏறிக்கொண்டது.

தமிழில் அந்த இடத்தில் இருந்தது நெருஞ்சி. தரையோடு படரும் முள், ஐந்து இதழ் மஞ்சள் பூ. புறநானூறு 155-ஆம் பாட்டில் மோசிகீரனார் கொண்கானங் கிழானைப் பாடும்போது, எழுகிற சூரியனை நெருஞ்சிப் பூ எதிர்கொள்வதுபோல வறுமைப்பட்ட புலவர்களின் உண்கலங்கள் அவன் மார்பை நோக்கி மலர்ந்தன என்கிறார். அதாவது, சூரியன் புரவலன், பூ பாடுபவன்.

இப்போது ஆன்டனி வான் டைக்கின் சூரியகாந்தித் தன்னோவியத்தைப் பாருங்கள், 1632–33 வாக்கில் வரைந்தது. ஒரு கை பெரிய சூரியகாந்தியைச் சுட்டுகிறது, இன்னொரு கை கழுத்துத் தங்கச் சங்கிலியைத் தூக்கிக் காட்டுகிறது. அவரை அரசவை ஓவியராக்கியவர் இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ். மன்னன் சூரியன், ஓவியன் பூ. மோசிகீரனாரின் உவமையேதான், வேறு கண்டம், வேறு பூ. ஆக "சூரியனை நோக்கும் பூ" என்றால் பழைய மரபில் விசுவாசம், பற்று, புரவலனை நம்பியிருத்தல். "நம்பிக்கை" என்று பொதுவாகச் சொல்வது வாழ்த்து அட்டை வழக்கம்.

வான்கோவின் ஜாடிகளில் சூரியனே இல்லை. பூக்கள் எதையும் நோக்கவும் இல்லை. நாலா பக்கமும் பார்க்கின்றன. பழைய குறியீட்டுக்கு வேண்டிய ஒரே உறுப்பு, அந்த நோக்குதல், இங்கே அறுந்துபோயிருக்கிறது. எனக்கு இந்தப் படங்களில் மிகப் பிடித்த விஷயம் இது.

ஞாயிறு_தூரிகை எழுதியது:

அப்படியானால் வான்கோவே இந்தப் பூவுக்கு என்ன பொருள் சொன்னார்? ஏதாவது எழுதியிருக்கிறாரா?

ஆர்ல்1888 எழுதியது:

எழுதியிருக்கிறார், ஆனால் தேதி வரிசையில் படிக்க வேண்டும்.

1888 ஆகஸ்ட் கடிதங்களில் பேச்செல்லாம் வேலை பற்றி. ஆர்லில் வான்கோ வாடகைக்கு எடுத்த, கோகன் வந்து தங்கப்போகும் மஞ்சள் வீட்டுக்கு அலங்காரம், ஒரு டஜன் படங்கள் எண்ணம், நீலமும் மஞ்சளும் சேரும் விளைவு, பூ சீக்கிரம் வாடுவதால் விடிந்ததிலிருந்து ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய அவசரம். பொருள் விளக்கம் இல்லை. கோகன் ஏற்கெனவே பாரிஸ் சூரியகாந்திகளை விரும்பி வாங்கியவர் என்பதை நினைவில் வையுங்கள். விருந்தாளிக்குப் பிடித்த பூ அது. அவர் வந்தது அக்டோபர் 23.

1889 ஜனவரியில், தன் காதைத் தானே அறுத்துக்கொண்ட சம்பவத்துக்குப் பிறகு, தம்பி தியோவுக்கு எழுதுகையில்தான் உரிமை பேசுகிறார்: பியோனிப் பூ ஜானினுடையது, ஹாலிஹாக் பூ க்வோஸ்டுடையது, சூரியகாந்தி ஒருவகையில் தன்னுடையது என்று. ஜானினும் க்வோஸ்டும் அக்காலத்து மலர் ஓவியர்கள். அதே ஆண்டு மே மாதம் ஒரு சிறு கோட்டுப்படத்தில், தொட்டிலாட்டும் பெண்ணின் உருவப்படம் நடுவில், இரு பக்கமும் சூரியகாந்தி என்று மூன்று படங்களைச் சேர்த்துக் காட்டுகிறார். பூக்கள் அங்கே விளக்குத்தண்டுகளின் வேலையைச் செய்கின்றன. அந்த வரிசையில் லண்டன், பிலடெல்ஃபியா படங்களையும் பாஸ்டனில் உள்ள பெண்ணின் படத்தையும் லண்டன் நேஷனல் கேலரி 2024 செப்டம்பர் முதல் 2025 ஜனவரி வரை சேர்த்து மாட்டியது.

"நன்றி" என்ற பொருள் வருவது 1890 பிப்ரவரியில். விமர்சகர் ஓரியேவுக்கும் தங்கைக்கும் எழுதிய கடிதங்களில், சூரியகாந்திப் படங்கள் நன்றியுணர்வைச் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம் என்ற கருத்து வருகிறது. படம் வரைந்து 18 மாதம் கழித்து. ஆகவே "1888-இல் நன்றியை வரைந்தார்" என்று எழுதினால் அதுவும் சரியில்லை. வரைந்த பிறகு, தன் படத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்து கண்டுகொண்ட பொருள்.

சிவாஜிநகர்_ஈசல் எழுதியது:

ஆர்ல்1888 சாரோடு சிறிது மாறுபடுகிறேன். கடிதத்தில் இல்லை என்பதால் 1888 ஆகஸ்டில் பொருளே இல்லை என்று ஆகாது. ஒரே ஜாடிக்குள் மொட்டு, விரிந்தது, இதழ் தொங்குவது, இதழ் முழுக்க உதிர்ந்து விதை மட்டும் நிற்பது என்று எல்லாப் பருவமும் அடுக்கியிருக்கிறாரே. வாடினதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுப் பூவை மட்டும் வைத்து வரைவது பூ ஓவியர்களின் சாதாரண வழக்கம். அவர் போடவில்லை. அது முடிவெடுத்துச் செய்த காரியம்.

ஆர்ல்1888 எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. கடிதத்தை மட்டும் பார்த்து எழுதிவிட்டேன். பாரிஸ் படங்களில் விதை முற்றிய தலைகள் மட்டுமே இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் வாதம் வலுக்கிறது. அவர் முதிர்ந்த தலையிலிருந்துதான் தொடங்கினார்.

எண்ணெயும்_நிறமும் எழுதியது:

மஞ்சளுக்கு வருகிறேன். இதுதான் உங்கள் குழுவுக்குப் பணமும் தலைவலியும்.

வான்கோ பயன்படுத்தியது குரோம் மஞ்சள், அதாவது ஈயக் குரோமேட், மூன்று சாயல்களில்: எலுமிச்சை, நடுமஞ்சள், ஆரஞ்சு சார்ந்தது. கூடவே மஞ்சள் காவி. குரோம் மஞ்சளை வாங்காதீர்கள். குழாயில் நிறமிக் குறியீடு பிஒய் 34 (PY 34) என்றிருந்தால் அதுதான். ஈயம், ஆறுநிலைக் குரோமியம் இரண்டுமே நஞ்சு. பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இடமே இல்லை. தூளாக எங்கே கிடைத்தாலும் தொட வேண்டாம்.

அது நிற்கவும் நிற்காது. 2011-இல் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற ஆய்வு காரணத்தைக் காட்டியது: ஒளி பட்டு ஆறுநிலைக் குரோமியம் மூன்றுநிலையாக ஒடுங்குகிறது, மஞ்சள் பழுப்பாகிறது. சல்ஃபேட் கலந்த எலுமிச்சைச் சாயல்தான் அதிகம் பாதிக்கப்படும். ஆம்ஸ்டர்டாம் படத்தை 2018-இல் எக்ஸ் கதிரால் வரைபடமாக்கியபோது எந்தப் பகுதியில் எந்த வகை இருக்கிறது என்று தெரிந்தது. 2019 ஜனவரியில் அந்த அருங்காட்சியகம் படத்தை இனி வெளியே அனுப்புவதில்லை என்று அறிவித்தது. நாம் இன்று பார்க்கும் மஞ்சள் அவர் பூசிய மஞ்சள் அல்ல. அச்சுப்படத்தின் நிறத்தை அப்படியே பிடிக்க முயல வேண்டாம். ஒரு படி பளிச்சென்று போனால் 1888-க்கு நெருக்கம்.

மாற்று: எலுமிச்சைக்கு பிஒய் 3. நடுமஞ்சளுக்கு காட்மியம் பிஒய் 35. விலை தாங்காதவர்கள் பிஒய் 74 எடுக்கலாம், ஆனால் அது ஒளி ஊடுருவும், ஒரே பூச்சில் அடியை மறைக்காது. சிறிது டைட்டானியம் வெள்ளை சேர்த்தால் மறைக்கும், ஆனால் நிறம் குளிர்ந்துவிடும். எனவே இதழுக்குக் காட்மியம், சுவருக்கு மலிவானது என்று பிரித்துக்கொள்ளுங்கள். காவிக்கு பிஒய் 43, விதைத்தலைக்கு பர்ன்ட் சியன்னா. பச்சைக்கு அவர் எமரால்டு பச்சை வைத்திருந்தார், அது ஆர்செனிக் நஞ்சு. தாலோ பச்சையை மிளகளவு எடுத்து வெள்ளையும் எலுமிச்சையும் சேர்த்தால் அந்தச் சாயல் வரும். குழாயின் பெயரை நம்பாமல் பின்பக்கக் குறியீட்டைப் படியுங்கள். பெயரில் "ஹியூ" என்றிருந்தால் அது பெயருக்குரிய நிறமி அல்ல, அதைப் போன்ற கலவை.

அளவு. 15 × 18 அங்குலம் என்பது சுமார் 0.174 சதுர மீட்டர். சாயம் சராசரி அரை மில்லிமீட்டர் கனம் என்றால் 87 மி.லி. ஒருவருக்கு: வெள்ளை 25, எலுமிச்சை 25, நடுமஞ்சள் 20, காவி 12, மற்றவை ஐந்து. முழு அளவுக்குப் போனால் இதுவே 348 மி.லி. ஆகும். பாதி அளவு எடுக்கச் சொன்னதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

காட்மியம் காய்ந்தபின் உப்புக் காகிதத்தால் தேய்க்கக் கூடாது, தூள் நுரையீரலுக்குப் போகும். தூரிகையை வாயில் வைத்து நுனி கூட்டும் பழக்கம் யாருக்காவது இருந்தால் முதல் நாளே நிறுத்துங்கள்.

சிவாஜிநகர்_ஈசல் எழுதியது:

வரையும் முறை. மஞ்சள் மேல் மஞ்சள் என்பதில் சிக்கல் எங்கே என்றால், மஞ்சளுக்கு இருட்டே இல்லை. கருத்த மஞ்சள் என்று ஒன்று கிடையாது. கறுப்பு சேர்த்த நொடியில் பாசிப்பச்சை ஆகிவிடும். ஒளி-நிழலால் பிரிக்க முடியாததை மூன்று வழியில் பிரிக்கிறார் வான்கோ: சாயலின் சூடு குளிர்ச்சி, சாயத்தின் கனம், தூரிகை போகும் திசை. இந்த மூன்றையும் பிள்ளைகளுக்குப் புரியவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தொடங்குமுன் தட்டில் ஆறு குவியல் கலந்துவிடுங்கள். சுவர்: எலுமிச்சை இரண்டு பங்கு, வெள்ளை ஒரு பங்கு. மேசை: நடுமஞ்சள் மூன்று, காவி ஒன்று. இதழ்: நடுமஞ்சள் தனியாக. இதழின் நிழல் பகுதி: நடுமஞ்சளில் துளி ஆரஞ்சு. விதைத்தலை: காவியும் பர்ன்ட் சியன்னாவும் சமமாக. காம்பு: மேலே சொன்ன பச்சையில் காவி. நடுவில் கலக்கப் போனால் கை தளரும், நிறமும் மாறும்.

அடுத்து கரிக்கோடு. ஜாடியின் அகலத்தை அளவுகோலாக வைத்து ஒவ்வொரு தலையின் நடுப்புள்ளியை மட்டும் குறியுங்கள், இதழ் வேண்டாம். கரித்தூளை உதறிவிட்டு மெலிந்த காவியால் கோட்டை உறுதி செய்யுங்கள். உதறாவிட்டால் கரி மஞ்சளோடு கலந்து அழுக்குப் பச்சை ஆகும், முதல் வாரமே நடக்கும் விபத்து இது.

பிறகு தலைகளின் நடுவட்டம், காம்பு, ஜாடி. அதன் பின் சுவர். சுவரைக் கடைசிக்கு விடாதீர்கள். சுவர்ச் சாயத்தைக் கூடை முடைவதுபோல் குறுக்கும் நெடுக்குமாகக் குறுந்தீற்றல்களில் பூக்களின் ஓரம் வரை கொண்டுவந்து, ஈரமாக இருக்கும்போதே இதழ்களை அதன் மேல் இழுக்க வேண்டும். ஒரு இதழுக்கு ஒரே இழுப்பு: பன்றிமயிர்த் தூரிகை, 6 அல்லது 8-ஆம் எண், நுனி நிறையச் சாயம், நடுவிலிருந்து வெளியே, கடைசியில் சுண்டி எடுத்தால் இதழ் கூராக முடியும். இரண்டாம் முறை தொட்டால் அடிச் சாயம் கலந்து இதழ் செத்துவிடும். பிடிக்கவில்லையா, பேலட் கத்தியால் வழித்துவிட்டு மறுபடி.

லண்டன் படத்தில் ஒன்றைக் கவனியுங்கள். மேசை அடர்மஞ்சள், சுவர் வெளிர்மஞ்சள். ஜாடியில் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறார், மேல்பாதி அடர்த்தி, கீழ்பாதி வெளிர். அதனால்தான் ஜாடி பின்னணியில் கரையாமல் நிற்கிறது. மேசை விளிம்பில் ஒரு நீலக்கோடு. மொத்தப் படத்தையும் தாங்கும் கோடு அது. மெல்லிசாக, ஒரே ஓட்டத்தில் போடுங்கள்.

சந்தேகம் வந்தால் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நடுவட்டங்களும் காம்புகளும் மட்டும் தெரிந்து இதழ்கள் சுவரில் மறைந்தால், சரியாகப் போகிறது. இதழ் கறுத்துத் தெரிந்தால் காவி அதிகம்.

ஞாயிறு_தூரிகை எழுதியது:

ஒருவர் கேட்கிறார்: சமையலறைச் சூரியகாந்தி எண்ணெயையே சாயம் இளக்கப் பயன்படுத்தலாமா? பொருத்தமாக இருக்குமே என்று.

எண்ணெயும்_நிறமும் எழுதியது:

கூடாது. எண்ணெய்ச் சாயம் உலர்வது ஆவியாகி அல்ல, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகி. எவ்வளவு இறுகும் என்பதை அயோடின் எண் காட்டும். ஆளிவிதை எண்ணெய்க்கு சுமார் 180, சூரியகாந்திக்கு சுமார் 130. அது அரைகுறையாகத்தான் உலரும். போதாததற்கு, சமையல் எண்ணெய் கெட்டுப்போகாமல் இருக்க ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்ப்பதும் உண்டு. நமக்கு வேண்டியதே அந்த ஆக்சிஜனேற்றம்தான். மாதக்கணக்கில் பிசுபிசுப்பு, அதில் தூசி.

கனச்சாயத்தில் வரும் மற்ற கோளாறுகள். மேல்தோல் சுருங்கினால் எண்ணெய் அதிகம்: மேல் இறுகி உள்ளே ஈரம். இழுக்கும்போது துளி எண்ணெயும் சேர்க்காதீர்கள், குழாயிலிருந்து வந்தபடி போதும். வெடித்தால் பெரும்பாலும் துத்தநாக வெள்ளை; குறியீடு பிடபிள்யூ 4 (PW 4). டைட்டானியம் என்று எழுதிய குழாயிலும் இது கலந்திருக்கும், பின்பக்கம் பாருங்கள். பெங்களூரு மழைக்காலத்தில் 3 மி.மீ. இதழ் உலர மாதங்கள் ஆகும். அல்கைட் ஊடகம் பத்துக்கு ஒரு பங்கு சேர்த்தால் குறையும். காட்சிக்கு வார்னிஷ் அடிக்க வேண்டாம். ஆறு மாதமாவது போகட்டும். வான்கோவுக்கு மினுக்காத மேற்பரப்பே பிடித்திருந்தது, ஆம்ஸ்டர்டாம் படத்தில் இன்று மஞ்சளித்துக் கிடக்கும் வார்னிஷ் பிற்காலத்தில் ஏறியது.

கோணித்துணி எழுதியது:

டோக்கியோ படம் பற்றி யாரும் சொல்லவில்லை. கோகன் ஆர்லில் 20 மீட்டர் சணல் துணி வாங்கினார், இருவரும் அதில் வரைந்தார்கள், டோக்கியோ சூரியகாந்தி அதில்தான். குழுவில் இரண்டு மூன்று பேர் கோணியில் முயலலாம், இழை பெரிதாக இருப்பதால் தூரிகைத் தீற்றல் தானாகவே உடைந்து வேறு அழகு வரும்.

கோணியைத் துவைத்துக் கஞ்சி நீக்கி, சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, அக்ரிலிக் ஊடகம் இரண்டு பூச்சு, கெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. பின்பக்கம் வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிக்கண் தெரியக் கூடாது. தெரிந்தால் எண்ணெய் இறங்கி நாரை அரிக்கும். முயல்தோல் பசை வேண்டாம், இங்கே ஜூன் ஈரத்தில் துணி தளர்ந்து தொய்யும்.

ஹெப்பால்_விதை எழுதியது:

மூன்றாம் கேள்வி விட்டுப்போயிற்று. அந்தப் பஞ்சுருண்டைப் பூ வேறு இனமல்ல, அதே சூரியகாந்தியின் இரட்டைப்பூ வகை. சூரியகாந்தி ஒரு பூ அல்ல, தலை மஞ்சரி: ஓரத்தில் கதிர் சிறுமலர், நடுவில் வட்டத்தட்டுச் சிறுமலர். ஒரு மரபணு மாறினால் நடுவில் இருக்க வேண்டிய சிறுமலர்களும் கதிர் போல நீண்டுவிடும். வான்கோ படங்களில் தெரிவது இதுதான் என்று 2012-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தினர் அந்த மரபணுவைப் பிடித்துக் காட்டினார்கள். அவர் இரட்டைப்பூவையும் சாதாரணப் பூவையும் ஒரே ஜாடியில் வைத்திருக்கிறார்.

பூக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் மகரந்தம் உதிராத வெட்டுப்பூ வகை. ஒரு வரிசை இதழ், கருத்த நடுவட்டம். இரட்டைப்பூ வேண்டுமானால் விதை போடுவதே வழி. "டெடி பேர்" குட்டைவகை மாடித்தொட்டிக்கு ஏற்றது: 12 அங்குலத் தொட்டி, விதை 2 செ.மீ. ஆழத்தில், நேர்வெயில் ஆறு மணி நேரம், 60 முதல் 70 நாளில் பூ. எல்லாப் பருவமும் ஒரே நாளில் ஜாடியில் வேண்டுமென்றால் பத்து நாள் இடைவெளியில் நான்கு தடவை விதையுங்கள். மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி பரவும், மாலையில் இலை நனைய நீர் ஊற்றாதீர்கள். கிளியும் அணிலும் வரும், விதைத்தலைக்கு வலைத்துணி கட்டுங்கள்.

வயல் பூ எண்ணெய்வித்து வகை. இந்தியாவின் முதல் சூரியகாந்திக் கலப்பினமான பி.எஸ்.எச்.-1 பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து 1980-இல் வந்தது. இவ்வகைத் தலை பெரிது, கனம். ஜாடியில் நிற்காது, தண்டோடு மெல்லிய கம்பி சுற்ற வேண்டும். வெட்டியதும் அடியில் 2 செ.மீ. சாய்வாக நீருக்குள் வைத்து மறுபடி வெட்டுங்கள். காற்றுக் குமிழ் அடைத்தால் ஒரு மணி நேரத்தில் தலை தொங்கும். தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினால் ஒரு வாரம் தாங்கும். நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள், அழுகி நாறும்.

நடுவட்டம் வரைகிறவர்களுக்கு: வட்டத்துக்குள் வட்டம் போடாதீர்கள். சிறுமலர்கள் சுமார் 137.5 பாகை திரும்பித் திரும்பி முளைப்பதால் இரு திசைச் சுருள்கள் உண்டாகின்றன, பெரும்பாலும் ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55. எண்ண வேண்டியதில்லை. வலப்பக்கம் வளையும் கோடுகள், அவற்றை வெட்டும் இடப்பக்கக் கோடுகள், வெட்டும் இடங்களில் சாயப்புள்ளி. விதை ஓரத்திலிருந்து முற்றும், ஆகவே ஓரம் கருமை, நடு இளம்பச்சை.

சிவாஜிநகர்_ஈசல் எழுதியது:

நேரில் வைத்து வரையும் நாளுக்கு ஒரு குறிப்பு. வடக்கு ஜன்னல் வெளிச்சம் நாளெல்லாம் மாறாது என்று புத்தகங்களில் இருக்கும். பெங்களூரு 13 பாகை வட அட்சம். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வடக்கு ஜன்னலிலும் நேர்வெயில் விழும், மஞ்சள் வெளுத்துப் போகும். அந்த மாதங்களில் வெள்ளைத் துணித்திரை போடுங்கள்.

ஞாயிறு_தூரிகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சாயப் பட்டியலை மாற்றிவிட்டேன், விதையும் வாங்கச் சொல்லியாயிற்று. குறிப்பட்டை இப்போது இப்படி:

"ஆகஸ்ட் 1888, ஆர்ல். மொட்டு, விரிந்த பூ, உதிரும் பூ, விதை முற்றிய தலை எல்லாம் ஒரே ஜாடியில். கோகன் தங்கவிருந்த வீட்டுக்காக வான்கோ வரைந்தது. 18 மாதம் கழித்து இந்தப் பூக்களில் நன்றியைக் கண்டார். புறநானூற்று நெருஞ்சி சூரியனை நோக்கியது. இந்தப் பூக்கள் நம்மையும் ஒன்றையொன்றும் நோக்குகின்றன."

நெருஞ்சி எழுதியது:

"நன்றியைக் கண்டார்" என்பதை "நன்றி என்று பொருள் சொன்னார்" என்று மாற்றுங்கள். கடைசி வரியில் "நம்மையும் ஒன்றையொன்றும்" வேண்டாம், அது நம் கற்பனை. "இந்தப் பூக்கள் நாலா பக்கமும் பார்க்கின்றன" போதும். படத்துக்கு முன் நிற்பவருக்கு அது கண்ணுக்கே தெரியும்.

ஆர்ல்1888 எழுதியது:

தலைப்பில் "லண்டன் படத்தின் பிரதி, பாதி அளவு" என்றும் சேர்த்துவிடுங்கள். பக்கத்தில் குழுவினர் நேரில் வைத்து வரைந்த படங்கள் தொங்கும். எது எதைப் பார்த்து வரைந்தது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

ஞாயிறு_தூரிகை எழுதியது:

இரண்டையும் மாற்றிவிட்டேன். முதல் விதைப்பு வரும் ஞாயிறு, அடுத்தது பத்து நாளில்.